வண்டி ஏறாத அம்மிக்குழவி

கீரனூர் ஸ்டேஷனில் வேப்பமரத்தடியில் இருந்த கல் பெஞ்சின் மேல் ஓர் அம்மிக்குழவி உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பழைய சேலைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெஞ்சின் நடுவில் அதை வைத்திருந்தார்கள். பக்கத்தில் தரையில் செல்லாயி மதினி இருந்தார். மடியில் அவருடைய மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு துணி மூட்டை, ஒரு பித்தளைக் குடம், அவ்வளவுதான் சாமான்.

யுத்தம் தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஆவணி மாதம். திருச்சியிலிருந்து வந்த காலை வண்டியில் நான் இறங்கினேன். திருச்சிக்குப் போகிற மத்தியான வண்டிக்கு அவர் காத்திருந்தார்.

செல்லாயி என் பெரியப்பா மகன் கருப்பையாவின் மனைவி. அண்ணன் திருச்சியில் ஒரு மில்லில் வேலை பார்த்தார்.

"வாங்க கொழுந்தனாரே. நீங்க இங்கிட்டு வர்றீங்க, நான் அங்கிட்டுப் போறேன்."

"கொழவியுமா மதினி?"

"கொழவியுந்தான்."

அந்தப் பதில் எனக்குப் போதும். வெளியூர் வாசகர்களுக்குப் போதாது.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை வேலைக்குப் போனால் ஒரு துணி மூட்டை போகும். பின்னால் மனைவி போனால் சட்டி பானை போகும். அப்போதும் வீடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். கொல்லையில் அம்மி கிடக்கும், அதன் மேல் குழவி கிடக்கும். அம்மியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது. குழவியைத் தூக்கலாம். பட்டணத்தில் தட்டையாக எந்தக் கல் கிடைத்தாலும் அதன் மேல் உருட்டிக்கொள்ளலாம். குழவியை எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. குழவி இல்லாத அம்மிகள் எங்கள் தெருவில் அப்போதே சில இருந்தன. கோழிகள் அவற்றின் மேல் நின்று சிறகு கோதிக்கொண்டிருக்கும்.

ஆசிரியர் கொடுத்த தலைப்பு

அச்சுக்கூடத்து மசி வாசனையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "ஊரைவிட்டு வந்தவர்கள் எல்லாரும் ஊரைப் பற்றி எழுதுகிறீர்கள். ஏன் வந்தீர்கள் என்று மட்டும் எழுதுவதில்லை" என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது.

என் விஷயம் சுருக்கமானது. குளத்தூரிலும் புதுக்கோட்டையிலும் படித்தேன். படித்தவனுக்கு ஊரில் என்ன வேலை கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. திருச்சியில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூப் பார்க்கச் சேர்ந்தேன். பிறகு எழுதவும் விட்டார்கள்.

அந்த ஆவணியில் நான் ஊருக்கு வந்ததும் பத்திரிகை வேலையாகத்தான். ஆசிரியர் ஒரு நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கிராமத்து ஜனங்க எல்லாம் ஏன் டவுனுக்கு ஓடி வர்றாங்கன்னு ஒரு கட்டுரை எழுதுங்க. தலைப்புப் போட்டாச்சு."

தலைப்பு: பட்டண மோகம்.

"சினிமாக் கொட்டகை, காபி கிளப்பு, மின்சார விளக்கு. இது மூணையும் வச்சே எழுதிடலாம். ஆனா நீங்க நேர்ல போய் ரெண்டு பேரைப் பார்த்துட்டு வந்தா படிக்கிறவங்க நம்புவாங்க."

முடிவு கையில் இருந்தது. காரணம்தான் பாக்கி. பத்திரிகையில் அது அபூர்வமும் இல்லை. நானும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் மதினியிடம் கேட்டேன்.

"சினிமா பாக்கவா போறீங்க?"

"சினிமாவா? ஒங்க அண்ணன் இருக்க எடத்துல நிமிந்து நின்னா தலை இடிக்குமாம். அதப் பாக்கத்தான் போறேன்."

"அப்ப ஏன் போறீங்க?"

மதினி குழந்தையின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

"முறை போச்சு" என்றார்.

ஆளும் துணையும்

எங்கள் ஊர் வயல் முழுவதும் ஒரே கண்மாயை நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகும்போது எல்லாருக்கும் தண்ணீர். மார்கழியில் அது குறைந்த பிறகு வீட்டுக்கு வீடு முறை வைத்து விடுவார்கள். முறை உள்ள வீட்டுப் பயிர் கதிர் வாங்கும். முறை இல்லாத வீட்டுப் பயிர் மாட்டுக்கு.

முறை சும்மா வருவதில்லை. மழைக்கு முன்னால், கண்மாய் வற்றிக் கிடக்கும்போது, வீட்டுக்கு ஓர் ஆள் போய் வரத்து வாய்க்காலை வெட்ட வேண்டும், மடைக்கு முன்னால் சேர்ந்த வண்டலை அள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு அளந்து விடுவார்கள். பங்கை வெட்டிய வீட்டுக்கு முறை உண்டு.

இதில் ஆள் என்ற சொல்லுக்கு ஊரில் ஓர் அளவு இருந்தது. மண்வெட்டி பிடித்து வெட்டுகிறவன் ஆள். வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுகிறவள் துணை. துணை இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் துணை கணக்கில் வராது. ஆள் இல்லாமல் துணை மட்டும் வந்தால் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்று பொருள்.

அதற்கு முந்திய வருஷங்களில் கருப்பையா அண்ணன் ஆவணியில் லீவு போட்டு வந்து பங்கை வெட்டிவிட்டுப் போனார். இந்த வருஷம் மில்லில் யுத்தத்துக்குத் துணி ஓடியது. லீவு கிடையாது. ஊரில் கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்றால், இருக்கிற சில ஆண்களும் தங்கள் பங்கில் இடுப்பொடிய நின்றார்கள்.

"நானே வெட்டுறேன்னு அம்பலக்காரர்கிட்டச் சொன்னேன்" என்றார் மதினி. "பொம்பளை மம்பட்டி பிடிச்சா, இந்த ஊர்ல ஆம்பளை இல்லையான்னு பக்கத்து ஊருக்காரன் சிரிப்பான்னாரு. வண்டல் தீர்ற வரைக்கும் சிரிக்கட்டும் மாமான்னேன். கேக்கல."

முறை இல்லை என்றால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லை என்றால் ஊரில் இருந்து என்ன செய்வது? குழவி பெஞ்சுக்கு வந்த கதை இதுதான். என் ஆசிரியருடைய மூன்று காரணங்களில் ஒன்றுகூட இதில் இல்லை.

ஒரு பழைய உடைப்பு

அம்பலக்காரரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊர்த் தலைவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் கெட்டவர் இல்லை. ஒல்லியான மனிதர். தினமும் விடிந்ததும் கண்மாய்க் கரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்ப்பார். நண்டு வளை தெரிந்தால் தன் கையாலேயே மண் அடைப்பார்.

அவருடைய அப்பா காலத்தில் கங்காணிகள் வந்து ஊர் ஊராக ஆள் பிடித்து, இலங்கையில் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் ஊரிலும் பலர் போனார்கள். அந்த வருஷம் கண்மாய் வேலைக்கு ஆள் சேரவில்லை. ஐப்பசி மழையில் கரை உடைந்தது. அறுவடை இல்லை. அதைப் பார்த்து இன்னும் பல பேர் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அவருடைய அப்பா இந்த விதியைப் போட்டார். ஆள் வராத வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. போகிறவர்கள் பயந்து நிற்க வேண்டும் என்பது நோக்கம். கொஞ்ச காலம் நின்றார்கள். பிறகு ரயில் வந்தது. திருச்சி பக்கத்தில் வந்துவிட்டது. விதி மட்டும் அப்படியே இருந்தது.

"நீ போயிட்டா எனக்கு ஜோடி யாரு?"

வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வரும் செம்மண் பாதையில் ஒருவர் வேகமாக வருவது தெரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புழுதி கிளப்பிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெரு ஆரோக்கியம். மதினியின் வயலுக்கு அடுத்த வயல்காரி. அவருடைய கணவர் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய் நாளாகிவிட்டது. ஆரோக்கியம் வீட்டுக்கும் அந்த வருஷம் முறை இல்லை.

வந்தவர் மூச்சு வாங்கினார். மதினியைப் பார்க்கவில்லை. குழவியைப் பார்த்தார்.

"அடியே, இதையுமா தூக்கிட்டு வந்துட்டே?"

"பின்ன விட்டுட்டுப் போகவா?"

"அங்க போயி எங்க வச்சு அரைப்பே? ஒம் புருஷன் கால நீட்டுனா செவுத்துல முட்டுதாம். அவரு நெஞ்சு மேல வச்சு அரைக்கப் போறியா?"

மதினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"வண்டி வர்ற நேரத்துல வந்து வாயாடாத. நீயும் ஒரு நாள் இப்படித்தான் வரப்போற."

"வர மாட்டேன். நான் எங்க போறது, கடலத் தாண்டியா? ஏய், நல்லா கேளு. அம்பலம் என்ன சொன்னாரு? வெட்டுறதுக்கு ஒரு ஆளு, சுமக்குறதுக்கு ஒரு துணை. நீ வெட்டு, நான் சுமக்குறேன். ஒன் பங்கு முடிஞ்சதும் நான் வெட்டுறேன், நீ சும. ரெண்டு வீட்டுப் பங்கும் முடிஞ்சிரும். நீ போயிட்டா எனக்கு ஜோடி யாரு?"

"ஒத்துக்க மாட்டாருடி."

"ஒத்துக்கலன்னா நாளைக்கு வண்டி இல்லையா? இன்னிக்கு விட்டாப் போச்சுங்கறதுக்கு ரயிலு என்ன ஒம் மாமியா வீட்டுச் சீரா?"

மதினி என்னைப் பார்த்தார்.

"நீங்க அங்கதான இருக்கீங்க. சொல்லுங்க கொழுந்தனாரே. அங்க தண்ணிக்காச்சும் பஞ்சமில்லாம இருக்கா?"

அண்ணன் குடியிருந்த இடத்தை நான் நன்றாக அறிவேன். ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள். தெருமுனையில் ஒரு குழாய். விடியுமுன் அதற்கு வரிசை. குடத்தைக் கயிறு கட்டி முதல் நாளே இடம் பிடித்து வைப்பார்கள். கயிறு அறுந்ததா, அறுத்தார்களா என்று சண்டை வரும். நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். போங்கள் என்றோ, இருங்கள் என்றோ சொல்லவில்லை.

"அங்கயும் முறைதானா?" என்றார் மதினி.

முந்தின ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்டதற்கு மணி அடித்தார்கள். டிக்கெட் ஜன்னல் திறந்தது. மதினி எழுந்தார். குழந்தையை இடுப்பில் ஏற்றினார். குடத்தை எடுத்தார். குழவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"அங்கிட்டு இல்ல கொழுந்தனாரே. இங்கிட்டு."

ஊர் வரைக்கும் நான்தான் சுமந்தேன். பாதி வழியில் தோள் மாற்றியபோது ஆரோக்கியம் சொன்னார்: "பேனாவ விடக் கனமா இருக்கோ?"

புல் முளைத்த திட்டு

மறுநாள் காலை கண்மாய்க்குள் வேலை தொடங்கியிருந்தது. மடைக்கருகே கறுப்பு வண்டலின் நாற்றம் கரை வரை வந்தது. அம்பலக்காரர் கரைமேல் நின்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் மண்வெட்டியும் கூடையுமாகப் போய் அவர் முன் நின்றார்கள்.

"ஏத்தா செல்லாயி, நேத்து வண்டியேறிட்டேன்னாங்க?"

"ஏறத்தான் போனேன் மாமா. வண்டல் வெட்டிட்டுப் போவம்னு திரும்பிட்டேன்."

கீழே வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"மம்பட்டிய வையி. கூடைய எடுத்துக்கிட்டு யாருக்காச்சும் துணை நில்லு. கூலி வாங்கித் தாரேன்."

"எனக்குக் கூலி வேணாம் மாமா. முறை வேணும்."

"ஒனக்குக் குடுத்தா, இருக்கிற நாலு ஆம்பளையும் பொண்டாட்டி கையில மம்பட்டியக் குடுத்துட்டு வண்டியேறிருவான். கரை ஒடஞ்சத நீ பாத்திருக்கியா? எங்கப்பா பாத்தாரு. பாத்துட்டுத்தான் விதி போட்டாரு."

மதினி குனிந்து காலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"மாமா, போறவங்களப் பிடிச்சு நிறுத்தப் போட்ட விதி அது. அவங்க போயிட்டாங்க. இப்ப அது இருக்கறவளப் பிடிச்சுத் தள்ளுது. நான் போனா எங்க வீட்டுப் பங்க யாரு வெட்டுவா? இவ போனா இவ பங்க யாரு வெட்டுவா? இப்படியே போனா கடைசியில நீங்களும் ஒங்க விதியுந்தான் இந்தக் கரையில நிப்பீங்க."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அம்பலக்காரர் கண்மாயைப் பார்த்தார். வெட்ட வேண்டிய இடம் நீளமாகக் கிடந்தது. வெட்டுகிறவர்கள் அங்கொருவர் இங்கொருவராக நின்றார்கள்.

"மடைக்கு நேர் முன்னால ரெண்டு பங்கு கெடக்கு" என்றார். "மழைக்குள்ள முடிங்க. அப்பறம் பேசுவம்."

அந்த இரண்டு பங்கையும் ஆண்களே ஒதுக்கி வைத்திருந்தார்கள். வண்டல் ஆழம் அதிகம், கால் வைத்தால் உள்ளே இழுக்கும். மதினியும் ஆரோக்கியமும் அங்கே இறங்கினார்கள்.

நான் ஊரில் தங்கினேன். எனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பினேன். தினமும் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மண்வெட்டியின் போக்கு பிடிபடாமல் மண் சில்லுச் சில்லாக வந்தது. பிறகு கட்டி கட்டியாக வந்தது. வெட்டுகிறவர் களைத்தால் கூடைக்கு மாறுவார், கூடைக்காரர் மண்வெட்டிக்கு வருவார். பக்கத்துப் பங்கில் ஒரு கணவன் வெட்டினான், மனைவி சுமந்தாள். அவள் ஒரு நாள் தன் கணவனிடம், "அவங்க மாத்தி மாத்திச் செய்யறாங்க பாத்தீங்களா? நீங்களும் ஒரு நடை கூடை தூக்குனா என்ன?" என்று கேட்டது கரை வரை கேட்டது. அவன் கேட்காதவன்போல் வெட்டினான்.

நார்த்தாமலைப் பக்கம் மேகம் திரண்டு திரண்டு கலைந்தது. கடைசியில் கலையாமல் நின்றது. அன்று அம்பலக்காரர் அளக்க வந்தார்.

வெட்டிய ஆழத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பங்கிலும் நடுவில் ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டு வைப்பார்கள். திட்டின் உச்சி பழைய தரை. அங்கிருந்து கீழே அளந்தால் ஆழம் தெரியும். இதில் ஏமாற்றவும் வழி உண்டு. திட்டின் மேல் கொஞ்சம் மண்ணை வைத்து மொத்திவிட்டால் ஆழம் கூடிவிடும். அதனால் அம்பலக்காரர் அளவுகோலை வைக்குமுன் திட்டின் உச்சியில் புல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

முதலில் பக்கத்துப் பங்கு. உச்சியில் புல் இல்லை. காலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தொப்பி அளவு மண் கீழே விழுந்தது.

"இந்தத் திட்டுக்கு நேத்துத்தான் தலை மொளச்சிருக்கு" என்றார்.

அடுத்தது மதினியின் பங்கு. உச்சியில் காய்ந்த கோரைப்புல் நின்றது. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வேர் மண்ணை விடவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு அளவுகோலை வைத்தார். ஆரோக்கியத்தின் பங்கிலும் அதே மாதிரி பார்த்தார். கரை ஏறினார்.

மேலே போனதும் திரும்பி நின்றார்.

"ரெண்டு பேருக்கும் முறை உண்டு" என்றார். "இனிமே எந்த வீட்டுக்கும் வெட்டுற கைதான் ஆளு. அது வளையல் போட்ட கையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

அன்று சாயங்காலம் மழை இறங்கியது.

தலைப்புக்குக் கீழே

திருச்சிக்குத் திரும்பி நான் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்தார். "இதுல மோகமே இல்லையே" என்றார். ஆனாலும் அச்சுக்கு அனுப்பினார். தலைப்பு முன்பே எழுத்துக் கோத்து வைத்ததால் மாறவில்லை. "பட்டண மோகம்" என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, வாசகர்கள் வண்டலைப் பற்றியும் மடையைப் பற்றியும் படித்தார்கள்.

அன்று எழுதியதில் இன்றும் மாற்ற எனக்கு எதுவும் இல்லை. மேலே போக ஆசைப்பட்டு ஊரைவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நானே அப்படிப் போனவன். அவர்களைக் கட்டிப்போடக் கூடாது, போட முடியாது. ஆனால் இருக்க விரும்பியும் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களை ஊரே சிறிது சிறிதாகத் தள்ளுகிறது. தண்ணீரில் பங்கு இல்லை, சபையில் குரல் இல்லை, உழைத்தால் கணக்கில் இல்லை. பட்டணத்தை எவ்வளவு வைதாலும் இந்த வழி அடைபடாது. ஊரில்தான் அடைக்க வேண்டும். அடைக்க முடியும். எங்கள் கண்மாயில் அதற்குச் சர்க்கார் உத்தரவு தேவைப்படவில்லை.

ஊரைவிட்டுப் போவது நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன். நிற்கவில்லை. அடுத்த ஆவணியில் மூன்று ஜோடிப் பெண்கள் மண்வெட்டி எடுத்தார்கள். குழவிகள் கிளம்புவது குறைந்தது. இவ்வளவுதான் நான் கண்ணால் கண்டது.

குழாயடியில்

குழவி ஊர் திரும்பிய அந்த முதல் வருஷமே தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மதினி வீட்டு வாசலில் புதுநெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கொல்லையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். குழவி பழைய அம்மியின் மேல் ஓடியது.

மார்கழியில் முறை விட்டபோது மடைக்காரர் வழக்கப்படி "கருப்பையா வீட்டு முறை" என்று கூவினாராம். அம்பலக்காரர் அவரை நிறுத்தி, வெட்டினவ பேரச் சொல்லு என்றாராம். "செல்லாயி முறை" என்று கூவியபோது சிலர் சிரித்தார்களாம். தண்ணீர் சிரிக்கவில்லை, நேராக வயலுக்குப் போனது என்றார் மதினி.

நான் புறப்படும்போது அரைப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"ஒங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. முறை இப்ப எம் பேர்ல இருக்கு. அவருக்கு வரணும்னு இருந்தா வரச் சொல்லுங்க. வெட்டுறதுக்கு நான் இருக்கேன். அவரு துணைக்கு நிக்கலாம்."

திருச்சியில் அண்ணனைக் குழாயடியில்தான் பார்த்தேன். அன்று மில்லுக்கு ஓய்வு. குடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றார். நான் மதினி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"துணைக்கா?" என்றார்.

"துணைக்குத்தான்."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர், "போங்கய்யா முன்னால" என்றார். அண்ணன் நகரவில்லை. குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்னால் விழுந்த இடைவெளியில் வேறொருவர் புகுந்து குடத்தை வைத்தார். அதையும் அவர் தட்டிக் கேட்கவில்லை.

பிறகு தலை நிமிர்ந்து என்னிடம் கேட்டார்:

"கூடை நம்ம வீட்டுல இருக்கா, இல்ல இங்கயே ஒண்ணு வாங்கிட்டுப் போயிரவா?"